இடப்பக்கம் இழுக்கிற ஜீப்

அண்ணன் மகன் போன மாசியில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வாங்கினான். நீள ஜீப், முன்னால் டிரைவரும் இன்னொருவரும் உட்காரலாம், பின்னால் தொட்டி. எண்பதுகளில் வந்த வண்டி. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வாடகை கொடுத்து மாளவில்லை என்று வாங்கியது. நன்னிலம் கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் முதல் பேச்சே அதுதான்.

"சித்தப்பா, பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது. ரெண்டு தடவை லைனிங் மாத்தியாச்சு. அப்பவும் இழுக்குது."

"லைனிங் இருக்கட்டும். முன்னால இடது ஸ்பிரிங்கைக் குனிஞ்சு பார்த்தியா?"

"பிரேக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன சித்தப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் நிறைய. ஆனால் அதைச் சொல்ல முதலில் பிரேக்கிலிருந்துதான் வர வேண்டும்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்று 40 கிலோ. இருபது மூட்டை ஏற்றினால் 800 கிலோ. வண்டியையும் சேர்த்து ஏறக்குறைய 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு தடவை நின்றால், அந்த ஓட்டத்தில் இருந்த சக்தி 200 மில்லி டம்ளரில் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். டீக்கடைக்காரர் அடுப்பில் செய்கிற வேலையை நான்கு சக்கரத்து டிரம்களும் சில நொடியில் செய்கின்றன. வேகம் 50-லிருந்து 70-க்குப் போனால் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய ஜீப்பை வேகமாக ஓட்டாதே என்று நான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள்ளே அரைவட்டமாக இரண்டு ஷூ. மேலே இருக்கிற வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கம் தள்ளும், ஷூவில் ஒட்டியிருக்கிற லைனிங் டிரம்மைப் பிடிக்கும். இரண்டில் ஒரு ஷூவை, சுற்றுகிற டிரம்மே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்தால், தள்ளத் தள்ள இறுகுமே, அது மாதிரி. மிதிக்கிற காலுக்கு அது ஒரு துணை. ஆனால் அதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிடிப்பும் கொஞ்சம் வேறுபட்டாலே, இந்த ஆப்புக் குணம் அந்த வேறுபாட்டைப் பெரிதாக்கி ஸ்டீயரிங்கில் காட்டிவிடும்.

இழுக்கிற பக்கத்தில்தான் கோளாறு என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் கோளாறு எதிர்ப்பக்கம்தான். இடது பக்கம் இழுத்தால் இடது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலதுதான் சோடை என்று பொருள். வலது ஹப்பின் ஆயில் சீல் தேய்ந்து கிரீஸ் லைனிங்கில் இறங்கியிருக்கலாம், வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கலாம். கிரீஸ் குடித்த லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவியும் தீயில் வாட்டியும் மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. செய்யக் கூடாது. உள்ளே ஊறியது சூடானதும் மறுபடி கசியும். மாற்றினால் அந்த அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் பறக்க விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குள் போய்த் தங்கிப் பல வருஷம் கழித்துக் கொல்லும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

டிரம்மின் உள்வட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் உழவுசால் மாதிரி கோடுகள் தட்டுப்படும். நம் பக்கம் களிமண். நடவு நேரத்தில் வரப்போரம் ஓடும் வண்டியின் டிரம்முக்குள் சேறு போகாமல் இருக்காது. லேத்தில் ஒரு கடைசல் போட்டால் கோடு போய்விடும். ஆனால் விட்டம் பொதுவாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூட விடக் கூடாது. மெலிந்த டிரம் சூட்டில் விரியும், வெடிக்கவும் செய்யும்.

அடுத்து, மிதி எப்படிச் சக்கரத்துக்குப் போகிறது என்பது. காலால் 20 கிலோ அமுக்குகிறோம், பெடலின் நெம்பு அதை ஐந்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கு 100 கிலோ. பிஸ்டன் ஒரு அங்குல விட்டம் என்றால் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் குழாய் முழுக்க ஒரே சமயத்தில் பரவி, ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் அதே அளவில் தள்ளும். திரவம் சுருங்காது என்பதுதான் இதன் உயிர். உள்ளே ஒரு சொட்டுக் காற்று இருந்தாலும் அது சுருங்கும். மிதி பஞ்சு மாதிரி இறங்கும்.

இந்தக் காலத்து வண்டியில் இரண்டு தனித்தனிச் சுற்று இருக்கும். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். இவன் ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அதனால் பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கேள்வியே கேட்காமல் மாற்றச் சொன்னேன். இரும்புக் குழாயையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்துக் கடற்காற்று நம் ஊர்வரை வரும். கிளிப் பிடித்திருக்கிற இடத்துக்கு அடியில்தான் துரு முதலில் தின்னும்.

பாகத்துக்குப் பஞ்சமில்லை. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கிர்லிங்கும் சேர்ந்து 1962-இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா வந்த நாளிலிருந்து நம் மாநிலம் பிரேக் பாகங்களுக்குப் பிறந்த வீடு மாதிரி. மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட் இரண்டும் திருச்சியிலோ கும்பகோணத்திலோ கேட்டால் கிடைக்கும். கிட் பிரித்து அந்த ரப்பர் கப்பை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு, ஓரத்தில் மெல்லிய உதடு. அழுத்தம் ஏற ஏற அந்த உதடு விரிந்து சிலிண்டர் சுவரை இன்னும் இறுக்கிக்கொள்ளும். அந்த உதட்டில் நகம் பட்டாலும் பாழ். சிலிண்டர் சுவரில் துருக்குழி இருந்தால் புதுக் கப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும்.

துருக்குழி எங்கிருந்து வருகிறது? பிரேக் ஆயிலிலிருந்துதான். பேர்தான் ஆயில், அது எண்ணெய் வகையே அல்ல. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. எடையில் நான்கு சதவீதம்கூட வராத தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் மிதி தரைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதும் மாற்றுங்கள். என் பழைய ஜீப்பில் ஒரு தடவை பட்டறையில் கைதவறி என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். கப் எல்லாம் ஊறிப் பருத்து, போட்ட பிரேக் விடாமல், பேரளத்துக்கு முன்னால் புகையோடு நின்றேன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி ஹோஸ்வரை அத்தனை ரப்பரையும் தூக்கிப் போட வேண்டி வந்தது.

கடைசியாக ஏர் எடுப்பது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், வலது பக்கம். அதற்கு அதிகத் தூரத்தில் இருப்பது பின் இடது சக்கரம். அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும். வீல் சிலிண்டரில் காற்றைத் திறந்துவிடுகிற நிப்பிளில் கண்ணாடி மாதிரியான குழாயை மாட்டி, மறு முனையைப் பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வைத்தேன். அவன் மேலே மிதித்தான். "அமுக்கு… பிடி… விடாதே." நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் காப்பித்தூள் நிறத்தில் ஆயிலும் கூடவே குமிழும். மூடிய பிறகுதான் "விடு". பதினேழு தடவை. குமிழ் நின்று தெளிந்த ஆயில் வந்தபோது மிதி கல் மாதிரி நின்றது.

வண்டியைத் தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், ஓட்டத் தண்டில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினால், டிபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுற்ற, வண்டி உருண்டுவிடும், கை பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

பிரேக் வேலை அத்தனையும் முடிந்து ஓட்டிப் பார்த்தோம். மிதி அருமை. வண்டி இடது பக்கம் இழுத்தது.

அப்போதுதான் டேப்பை எடுத்தேன். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை வலது பக்கம் அளந்தோம், பிறகு இடது பக்கம். இடது ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு.

ஜீப்பில் அச்சை வண்டியோடு கட்டிப் போட்டிருப்பது ஸ்பிரிங் பிளேட்டுகள்தான். சுமை தாங்குவது அவற்றின் பாதி வேலை. பிரேக் போட்டதும் சக்கரம் அச்சைப் பின்னால் தள்ளுகிறது, வண்டி முன்னால் போகப் பார்க்கிறது. அந்த இழுபறி முழுவதையும் தாங்குவதும் அதே பிளேட்டுகள். பிளேட் அடுக்கின் நடுவே துளைத்து ஒரு சென்டர் போல்ட் போகும். அதன் தலை அச்சில் உள்ள குழிக்குள் உட்காரும். அது இடம் காட்ட மட்டுமே. இறுக்கிப் பிடிப்பது இரண்டு யூ போல்ட். யூ போல்ட் தளர்ந்தால் அத்தனை பாரமும் அந்தச் சின்னப் போல்ட்டின் கழுத்துக்கு வரும், ஒரு நாள் அது அறுந்துபோகும். இவன் ஜீப்பில் இடது பக்கம் அதுதான் நடந்திருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் இடது முனை பின்னால் நழுவி, அச்சே இடப்பக்கம் திரும்பி நின்றது. பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு இழுக்கும். மாற்றிய லைனிங்கெல்லாம் வீண் செலவு.

பிளேட் செட்டைக் கழற்றிப் பிரித்தோம். இடையில் வண்டல் காய்ந்து ஓடாகியிருந்தது. வளையும்போது பிளேட் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். ஒட்டிப்போனால் பாறை மாதிரி ஆகி, பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்துக்கு எந்த பிரேக்கும் உதவாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராபைட் கிரீஸ் தடவி அடுக்கினோம். தாழ்ந்துபோன பிளேட்டைச் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். காய்ச்சியதை எண்ணெயில் அடித்து மறுபடி பதம் பார்த்து இறக்காவிட்டால் அந்த எஃகு வெறும் இரும்புப் பட்டைதான். ஒரு பிளேட் புதிது, இரண்டு பக்கமும் புது யூ போல்ட், புது சென்டர் போல்ட், பிளேட் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிளுக்குப் புது ரப்பர் புஷ். புஷ் போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கேறியே நின்று சீக்கிரம் கிழியும்.

முடிகொண்டான் ஆற்றங்கரைப் பாதையில், முதல் நாள் மழையில் நனைந்த மண்ணில், முப்பது வேகத்தில் வந்து ஸ்டீயரிங்கில் கையை லேசாக மட்டும் வைத்து அழுத்தி மிதித்தான். இறங்கிப் போய்ப் பார்த்தோம். இரண்டு தடமும் கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேராக வந்து நின்றிருந்தன.

"இனி பிரேக் இன்ஸ்பெக்டர் கிட்ட எஃப்.சி.க்கு தைரியமா போகலாம் சித்தப்பா" என்றான்.

"போ. அதுக்கு முன்னால சுமை ஏத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. யூ போல்ட்டை மறுபடி ஒரு தடவை முறுக்கணும்" என்றேன்.