மரத்தடிக் காமிராவும் நம் கைக்கடிகாரமும்

வேளாங்கண்ணிப் பெருவிழாவின் கொடியேற்றம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் மாலையில் நிகழ்வதை நம் குடும்பங்கள் யாவும் அறியும். சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் விருத்தாசலத்திலிருந்து நாம் நான்கு குடும்பத்தார் ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் ஒரு வீட்டில் புளிசாதம் ஆறவில்லை. மற்றொரு வீட்டில் பீரோவின் சாவியைக் காணவில்லை. மூன்றாவது வீட்டில் உறவினர் வந்துவிட்டார். வண்டி நகர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது.

ஜெபமாலை சொல்லி முடித்ததும், முன் இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர், "தம்பி, சற்று விரட்டி ஓட்டப்பா. கொடியேற்றத்தைத் தவறவிட்டுவிடக் கூடாது" என்றார். நாமும் அதனை ஆமோதித்தோம். சேத்தியாத்தோப்பும் சிதம்பரமும் கடந்தன. பின்னர் ஓரிடத்தில், நேராக நீண்டு கிடந்த சாலையின் ஓரம், புளியமரத்து நிழலில் ஒரு வாகனம் நின்றிருந்தது. அதன் அருகே முக்காலியின்மேல் ஒரு கருவி. அதனைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. வேக வரம்பைக் காட்டும் பலகையோ, காமிரா இருப்பதை எச்சரிக்கும் பலகையோ அவ்விடத்தில் நம் கண்ணில் படவில்லை.

கொடியேற்றத்துக்கு உரிய நேரத்தில் சேர்ந்துவிட்டோம். ஊர் திரும்பிய சில நாளில் அந்த ஓட்டுநர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கடனில் வாங்கிய சொந்த வேன் அது. கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டினார். வேக வரம்பு மீறல், அபராதம் ரூ.1,000. "டீசலும் சுங்கமும் போக எனக்கு நின்றதே இவ்வளவுதான், ஐயா" என்றார். நாமோ காமிராவை ஏசினோம். மறைந்து நின்று பிடிப்பதை ஏசினோம். அவரோடு சேர்ந்து வருந்தினோம். அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார்.

அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

வாகன ஓட்டிகளின் குறை

நடமாடும் வேகக் காமிராக்களைப் பற்றி வாகன ஓட்டிகள் கூறும் குறைகளை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வரம்பு இன்னதென்று தெரியவில்லை என்பது முதற்குறை. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு சாலைகளின் வேக வரம்பை உயர்த்தி அறிவித்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிவிக்கையை ரத்துச் செய்தது. சட்டம் பயின்றோரே தடுமாறும் இடத்தில் வேன் ஓட்டுபவர் என்ன செய்வார்?

மறைந்து நிற்கிறார்கள் என்பது இரண்டாம் குறை. விபத்து நேரும் வளைவிலும் பள்ளிக்கூட வாயிலிலும் நிற்காமல், வேகம் தானாகவே கூடும் நேரான சாலையில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கருவி சரியாக அளந்ததா என்பதை அறிய வழியில்லை என்பது மூன்றாம் குறை.

இந்த மூன்றாவதை நம் ஊரார் நன்கு உணர்வர். பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர் நமது ஊர். சூளையின் வெப்பத்தை அறிவதற்குக் குறித்த சூட்டில் வளைந்து சாயும் சிறு கூம்புகளை உள்ளே வைக்கும் வழக்கம் இத்தொழிலில் நெடுங்காலமாக உண்டு. பார்வைத் துளை வழியே எவரும் எட்டிப் பார்க்கலாம். கூம்பு சாய்ந்ததா இல்லையா என்பது முதலாளிக்கும் தெரியும், கூலியாளுக்கும் தெரியும். ஆகவே அந்த அளவையை ஒருவரும் ஐயுறுவதில்லை. வாகன ஓட்டி கேட்பதும் அத்தகைய பார்வைத் துளை ஒன்றைத்தான்.

கருவி அளப்பது எவ்வாறு?

இக்கருவிகள் இரு வகைப்படும். ரேடார் கருவி வானொலி அலைகளை அனுப்பும். ஓடும் வண்டியின்மேல் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும். அம்மாற்றத்தைக் கொண்டு வேகம் கணக்கிடப்படுகிறது. இத்தத்துவத்தை 1842-இல் வெளியிட்டவர் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர். லேசர் கருவியோ ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, தூரம் எவ்வளவு விரைவில் குறைகிறது என்பதைப் பார்க்கிறது. லேசர் கதிர் ஒடுங்கியது. ஆதலால் ஒரு வண்டியை மட்டும் குறிவைக்க முடியும். ரேடார் அலை விரிந்து செல்வதால், இரு வண்டிகள் அருகருகே வரும்போது எதன் வேகம் பதிந்தது என்ற ஐயம் எழக்கூடும்.

மற்றோர் உண்மையையும் சொல்லவேண்டும். சாலையோரம் அசையாமல் நிற்கும் கருவி வண்டியைச் சாய்வாகப் பார்க்கும்போது, உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். சாய்வினால் வரும் பிழை ஓட்டுநருக்குச் சாதகமேயன்றிப் பாதகம் அன்று.

வேகக் காமிராவின் முன்னோடிகளுள் ஒன்றைச் செய்தவர் மோரிஸ் காட்சோனிடஸ் என்னும் டச்சுக்காரர். 1953-இல் மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வென்றவர் அவர். வளைவுகளில் தாம் இன்னும் விரைவாகச் செல்லும் வழியை அறிவதற்காகவே அவர் அக்கருவியை அமைத்தார். வேகத்தை வளர்க்கப் பிறந்த கருவி வேகத்தை அடக்கும் கருவியாயிற்று!

சட்டம் யார் பக்கம்?

சட்டம் காவலர் பக்கமே நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, மாநில அரசு ஒரு சாலைக்குத் தனி வேக வரம்பு விதித்தால் அங்கே அதற்கான பலகைகளை வைக்கவேண்டும் என்கிறது. குறுகிய காலத்துக்கு விதிக்கும் வரம்புக்கு அரசிதழ் அறிவிக்கையிலிருந்து மட்டுமே விலக்கு உண்டு, பலகையிலிருந்து அன்று. 183-ஆம் பிரிவு, ஒரு சாட்சியின் கண்மதிப்பை மட்டும் நம்பி எவரையும் தண்டிக்கலாகாது, கருவியின் அளவு வேண்டும் என்கிறது.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருத்தல் வேண்டும்; அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்; கண்காணிக்கப்படும் சாலைப்பகுதிக்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி நாட்டப்பட வேண்டும்; குற்றம் பற்றிய அறிவிப்பைப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்; அதனுடன் எண் பலகை தெரியும் படமும், அளக்கப்பட்ட வேகமும், நாளும் நேரமும் இடமும் இருத்தல் வேண்டும் என அவ்விதி வகுத்தது. சூளையின் பார்வைத் துளை சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அது சாலையிலும் இருக்கிறதா என்பதே கேள்வி. தவறான அறிவிப்பு வந்தால் இவற்றைக் காட்டி மறுத்துரைக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

மக்களின் குரல் கேட்கப்பட்டதும் உண்டு. 2023 ஜூன் மாதம் சென்னை மாநகரில் பகலில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்னும் வரம்பை வைத்து ரேடார் கருவிகளால் அபராதம் விதிக்கத் தொடங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வரம்புகள் ஆராயப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 எனத் திருத்தி அறிவிக்கப்பட்டது. அதே ஜூன் மாதத்தில் கேரளம் 726 காமிராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கிற்று. ஒப்பந்தத்தில் முறைகேடு என்று எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. காசைப் பற்றிய ஐயம் எழுந்தவுடன் உயிரைப் பற்றிய பேச்சு பின்தள்ளப்பட்டுவிட்டது.

பிரிட்டனிலும் இதுவே நடந்தது. அபராதப் பணத்திலிருந்து காமிராக்களை நடத்தும் செலவை ஈடுசெய்துகொள்ளும் முறை அங்கே 2000-இல் தொடங்கிற்று. இது பாதுகாப்புக்கா, பணத்துக்கா என்று மக்கள் வெகுண்டனர். நிலையான காமிராக்கள் தொலைவிலிருந்தே தெரியும்படி மஞ்சள் நிறம் பூசப்பட்டன. 2007-இல் அந்த நிதி முறையும் கைவிடப்பட்டது. பிறர் தவறும்போது பிடிப்பதைவிடத் தவறாமல் காப்பதே காவலின் நோக்கம் என்பதை நம் நாட்டிலும் நடமாடும் காமிராவை இயக்குவோர் நெஞ்சில் கொள்ளல் வேண்டும்.

தராசின் மறுதட்டு

இவ்வளவும் ஒரு தட்டில். மறுதட்டில் இருப்பதையும் பார்ப்போம். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொருவரின் சாவுக்குக் காரணம் மிகுவேகம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். இறந்தோர் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம்முடையது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர் போகும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது; 80-இல் 22 மீட்டர். மோதலின் ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இதற்கு நாம் பெறும் ஆதாயம் என்ன? நூறு கிலோமீட்டர் பயணத்தில் 25 நிமிடம். அன்று புளிசாதம் ஆறவும் சாவி கிடைக்கவும் நாம் செலவிட்டதோ ஏறத்தாழ மூன்று மணி நேரம்!

அதே சாலையின் ஓரத்தில், அதே விழாவுக்காகக் காவியுடை அணிந்து வெறுங்காலுடன் நடந்து சென்றுகொண்டிருந்தவர்களை நாம் கண்டோம். நம் பகுதியின் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா திருத்தலத்துக்கும் மக்கள் இவ்வாறே நடந்து செல்கின்றனர். நம் வேகத்தின் விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் அவர்களே. அந்தக் காமிராவின் எதிரில் நாம் பிரேக்கை மிதித்தோம். அந்த நடைப்பயணிகளின் அருகில் மிதித்தோமா? இதற்கு நம்மால் துணிந்து விடைகூற இயலவில்லை.

விரட்டச் சொன்னவர் யார்?

183-ஆம் பிரிவில் பலரும் கவனியாத பகுதி ஒன்று உண்டு. வரம்பை மீறி ஓட்டுபவர் மட்டுமன்றி, தம்மிடம் வேலை செய்பவரையோ தம் கட்டுப்பாட்டில் ஓட்டுபவரையோ அவ்வாறு ஓட்டச் செய்பவரும் அபராதத்துக்கு உரியவர். இலகுரக வண்டியாயின் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, நடுத்தர, கனரக வண்டிகளாயின் ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்குமாறு ஒருவர் பணித்தால், அப்பணிப்பே அவர் குற்றத்துக்கு முதற்சான்றாகக் கொள்ளப்படும்.

விடியுமுன் சரக்கு சேரவேண்டும் என்று லாரி ஓட்டுநருக்கு ஆணையிடும் முதலாளி இதனை எண்ணிப் பார்க்கட்டும். வாடகை வேனில் ஏறும் நம்மைச் சட்டம் பிடிக்குமோ இல்லையோ, மனச்சான்று பிடித்துவிடும். "விரட்டி ஓட்டப்பா" என்றது நம் குரல். அபராதம் மட்டும் அவர் பெயரில்!

2007 ஜூன் மாதம் புலம்பெயர்ந்தோர், பயணிகள் மேய்ப்புப் பணிக்கான பாப்பிறை அவை, சாலையில் செல்வோருக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. கொலையை விலக்கும் கட்டளையே அவற்றுள் முதலாவது. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக்காதிருத்தல், சாலையில் எளியவரைக் காத்தல், விபத்தில் சிக்கியோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்றல் ஆகியனவும் அங்கே இடம்பெற்றன. வேகம் ஓர் அபராத விவகாரம் மட்டுமன்று. அது பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை வரவேண்டிய விஷயம் என்பதை இதனால் உணர்கிறோம்.

நம் ஊரிலிருந்து பீங்கான் பொருட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பாருங்கள். வைக்கோலிட்டு அடுக்கி, குழிகண்டால் நின்று, நிதானமாகச் செல்வார்கள். ஒரு கோப்பை உடைந்தால் மறுநாள் வேறொன்று செய்துகொள்ளலாம். மனிதனையும் மண்பாண்டத்துக்கு ஒப்பிட்டார் புனித சின்னப்பர். அந்தப் பாண்டம் உடைந்தால் மறுபடி வனைய நம் ஊரில் எந்தச் சூளையும் இல்லை.

இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் நான்கு குடும்பத்தாரும் கூடிப் பேசினோம். வீட்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டு அந்த ஓட்டுநரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். "இது உதவியன்று தம்பி, எங்கள் கடன்" என்று அன்று முன் இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவரே அவர் கையில் வைத்தார்.

எச்சரிக்கைப் பலகையை நாட்டுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்போம். கேட்பது நம் உரிமை. அடுத்த திருயாத்திரைக்குக் குறித்த நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்படுவோம். அது நம் கடமை. இவ்விரண்டுள் இரண்டாவதை நாளைக் காலையே தொடங்கிவிடலாம் அன்றோ?