கல்லாகிப்போன நாடியும் கீறும் பலூனும்

“இதய நாடியில் அடைப்பு இருக்கிறது, பலூன் செலுத்தித் திறக்க வேண்டும்” என்று மருத்துவர் கூறியதும், மருத்துவமனை நடைக்கூடத்தில் காத்திருக்கும் மனைவி மக்களின் உள்ளம் நடுங்குகிறது. இதயத்திற்குள் பலூனா? நாடி கிழிந்துவிட்டால் என் செய்வது? இது பேதைமையான கேள்வியன்று. நாடியைக் கிழிக்காமல் திறப்பது எங்ஙனம் என்பது மருத்துவ அறிஞரையும் நெடுங்காலம் வாட்டிய கேள்வியே.

உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய குருதியை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள நாடிகளின் வழியாகப் பெறுகிறது. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், சற்று விரைந்து நடந்தாலே நெஞ்சு வலிக்கும். படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழி அடைபட்டால் மாரடைப்பு உண்டாகும்.

1977 செப்டம்பர் 16ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர், மார்பைப் பிளக்காமலே இவ்வடைப்பைத் திறந்து காட்டினார். பல இரவுகள் தம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து உருவாக்கிய நுண்ணிய பலூனை, தொடை நாடி வழியே 38 வயது நோயாளி ஒருவரின் இதய நாடிக்குள் செலுத்தி விரித்தார். நோயாளி விழித்தே இருந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்ந்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. ஆனால் அதனைக் காணக் குருன்ட்சிக் உயிரோடில்லை. 1985இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

வலிமை மட்டும் போதாது

எல்லா நாடிகளும் அவ்வாறு இணங்குவதில்லை. முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றால் படிவில் சுண்ணச்சத்துச் சேர்ந்து அது கல்லாக இறுகிவிடுவதுண்டு. பலூனுக்குள் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ளதைப்போல் பல மடங்கு அழுத்தம் கொடுத்தாலும் படிவு அசையாது. பலூன் வழுக்கி முன்னோ பின்னோ நழுவும். அல்லது இறுகிய பகுதியை விட்டுவிட்டு மென்மையான பகுதியைத் தாறுமாறாகக் கிழித்துவிடும்.

நம் கல்தச்சரைக் கேளுங்கள். பாறையைப் பிளக்க வேண்டுமெனில் அவர் கண்டபடி சம்மட்டியால் அடிப்பதில்லை. முதலில் உளியால் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டுகிறார். பின்னர் அளவான அடியிலேயே பாறை நேராகப் பிளக்கிறது. கீறும் பலூனின் தத்துவமும் இஃதே. ‘ஸ்கோரிங் பலூன்’ எனப்படும் இதன்மேல், நிக்கலும் டைட்டேனியமும் கலந்த மெல்லிய கம்பிகள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். பலூன் விரியும்போது அழுத்தம் அனைத்தும் அக்கம்பிகளின் விளிம்பில் திரண்டு, படிவில் ஆழமற்ற கோடுகளைக் கீறுகிறது. கம்பிகள் பற்றிக்கொள்வதால் பலூனும் எளிதில் நழுவுவதில்லை. கீறப்பட்ட படிவு குறைந்த அழுத்தத்திலேயே விரிந்து கொடுக்கிறது. அதன்பின் ‘ஸ்டென்ட்’ என்னும் வலைக்குழாயைப் பொருத்தினால் அது முழுமையாக விரியும். மருந்து பூசிய பலூனைப் பயன்படுத்தினாலும் மருந்து நன்கு சுவரும். முன்பு வைத்த ஸ்டென்டினுள் மீண்டும் அடைப்பு ஏற்படும்போதும் இம்முறை உதவுகிறது.

ஆயினும் இது எல்லா அடைப்பிற்கும் மருந்தன்று. சுண்ணம் மிகத் தடித்திருந்தால், வைரத்துகள் பதித்த சுழல்முனையால் அரைக்கவோ, ஒலி அலைகளால் உடைக்கவோ நேரிடும். எதனைக் கையாளினும் நாடி கிழியும் அபாயம் சிறிதளவேனும் உண்டு. எது பொருத்தமென மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

திறந்த பின்

திறக்கப்பட்டது ஓரிடம் மட்டுமே. நோய் ஏனைய நாடிகளிலும் இருக்கக்கூடும். எனவே, வீடு திரும்பியவர் நலமாக உணர்கிறார் என்பதற்காகக் குருதி உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தாமே நிறுத்தலாகாது. அதனால் ஸ்டென்ட் திடீரென அடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். புகைத்தலை அடியோடு விடுவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் இன்றியமையாதவை. மீண்டும் நெஞ்சு இறுகினால், வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாடியைத் திறப்பது மருத்துவர் கையில். திறந்த வழியைக் காப்பது குடும்பத்தார் அனைவர் கையிலும் உள்ளது.