பத்திரிகை வடிவமைக்கும் கணினியும் நம் வீட்டு விவரங்களும்



நிகாஹ் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், மதரஸா ஆண்டு விழா மலர், எதுவானாலும் நாம் போகும் இடம் டி.டி.பி. சென்டர்தான். நம் பிள்ளைகள் பலருக்கு அதுவே பிழைப்பு. அங்குள்ள கணினிகள் பலவற்றில் இன்றும் பேஜ்மேக்கர் 7.0 ஓடுகிறது. அது 2001-இல் வெளிவந்தது. அதை மேம்படுத்துவதை அடோபி நிறுவனம் 2004-லேயே நிறுத்திவிட்டது. பழைய தமிழ் எழுத்துருக்களும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த டிசைன்களும் அதில் இருப்பதால் யாருக்கும் அதை விட மனம் வருவதில்லை.

இதில் உள்ள ஓர் ஆபத்தை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

2007 அக்டோபரில், பேஜ்மேக்கர் 7.0.1, 7.0.2 பதிப்புகளில் ஒரு பாதுகாப்புக் குறை இருப்பது வெளியானது. பேஜ்மேக்கர் ஃபைலுக்குள், அதில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரும் பதிவாகியிருக்கும். அந்தப் பெயரை அளவுக்கு மீறி நீளமாக வைத்து ஒருவர் ஃபைல் தயாரித்தால், அதைத் திறப்பவரின் கணினியே அவர் கைக்குப் போகக்கூடும்.

ஒரு பெயரால் இது எப்படி முடியும்? ஓர் உதவித்தொகை வவுச்சரை நினைத்துப் பாருங்கள். முதல் வரியில் பெயருக்கு இருபது கட்டங்கள். அடுத்த வரியில், ‘இதை யாரிடம் கொடுக்க வேண்டும்’ என்ற குறிப்பு. ஒருவர் இருநூறு எழுத்தில் பெயர் சொல்ல, எழுதுபவர் கட்டத்தை எண்ணாமல் எழுதிக்கொண்டே போனால், அது அடுத்த வரியின் மேல் ஏறிவிடும். மிஞ்சிய எழுத்துகளே ‘இன்னாரிடம் கொடு’ என்று அமைந்திருந்தால், வவுச்சர் அந்த ஆளிடம்தான் போகும்.

கணினியின் நினைவகத்திலும் இதுவே நடக்கிறது. பெயருக்கென ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ‘இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும்’ என்ற குறிப்பும் இருக்கிறது. நீளத்தைச் சரிபார்க்காத மென்பொருள் அந்தக் குறிப்பை அழித்து எழுதிவிடுகிறது. பிறகு கணினி, ஃபைலை அனுப்பியவர் வைத்த கட்டளையைச் செய்கிறது. கணினியில் அமர்ந்திருப்பவருக்கு என்னென்ன உரிமை உண்டோ, அவ்வளவும் அந்தக் கட்டளைக்கும் கிடைத்துவிடும்.

அடோபி அப்போதே திருத்தம் வெளியிட்டது. ஆனால் நண்பரிடம் வாங்கிய நகல் சி.டி.யிலிருந்து ஏற்றிய கணினிகளில் அந்தத் திருத்தம் இருக்கும் என்று நம்ப முடியாது. இனிப் புதிய குறை தெரிந்தாலும் அதைச் சரிசெய்ய ஆளில்லை. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைனிலும் இதே வகைக் குறைகள் அவ்வப்போது வெளியாகின்றன. ஆனால் அதற்குத் திருத்தம் தொடர்ந்து வருகிறது. மைக்ரோசாஃப்ட் பப்ளிஷருக்கு 2026 அக்டோபருக்குப் பின் ஆதரவு இல்லை.

‘நோட்டீஸ் அடிக்கிற கணினியில் திருட என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். நம் வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள், ஆதார் நகல்கள், கைப்பேசி எண்கள் எல்லாம் அதே கணினியில்தான் கிடக்கின்றன. எங்கள் அலுவலகத்திலும் இதழ் வடிவமைத்த கணினியிலேயே ஜகாத் உதவி பெறுவோரின் பட்டியலும் இருந்தது. தன் தேவை வெளியே தெரியக்கூடாது என்று நம்பி வந்தவர்களின் பெயர்கள் அவை. அந்த அமானிதத்தை அங்கே வைத்தது எங்கள் கவனக்குறைவு. இப்போது பட்டியலை வேறு கணினிக்கு மாற்றிவிட்டோம்.

டி.டி.பி. தொழில் செய்யும் சகோதரர்கள் கவனிக்க:

• பேஜ்மேக்கர் அவசியம் என்றால், அதற்கென இணைய இணைப்பில்லாத ஒரு கணினியை ஒதுக்குங்கள்.

• முன்பின் தெரியாதவர் தரும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்காதீர்கள். விஷயத்தைத் தாளில் எழுதியோ வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்தோ கேட்டு வாங்குங்கள்.

• அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

• புதிய வேலைகளை யூனிகோடு எழுத்துருவில் தொடங்குங்கள். ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும், “தம்பி, எங்கள் போட்டோவையும் ஆதார் நகலையும் அழித்துவிடுங்கள்” என்று நின்று கேளுங்கள். அழித்த பிறகு கிளம்புங்கள்.