கப்பையும் மூச்சும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மூட்டை சுமப்பவர் ஒருவர் அரிசி மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கும் அந்த ஓரிரு நொடிகளுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. தசையில் தயாராக இருக்கும் ஏடிபி என்ற மூலக்கூறே போதும். அது குறையக் குறைய கிரியேட்டின் பாஸ்பேட் சுமார் பத்து நொடிக்கு ஈடுகொடுக்கும். இந்த இரண்டையும் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927-ல் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் 1929-ல் ஏடிபியையும் அறிவித்தார். நம் பாடநூல்கள் அவர் பெயரை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

கிடங்குவரை நடக்க வேண்டுமே, அதற்குத்தான் காலையில் தின்ற கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. அதன் மாவு குளுக்கோஸாகிச் செல்லுக்குள் போகிறது. ஆக்சிஜன் இல்லாமல் உடைத்தால் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிஞ்சும். ஆக்சிஜன் இருந்தால் ஏறக்குறைய 30.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. அவை திரும்பிப் பாயும் வழியில் ஒரு நுண்ணிய சுழலி சுழன்று ஏடிபியை உண்டாக்குகிறது. பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1978-ல் நோபல் கிடைத்தது.

ஆக்சிஜனின் வேலை இந்த வரிசையின் கடைசியில். தோணியிலிருந்து கிடங்குவரை வரிசையாக நின்று மூட்டை கைமாற்றுகையில் கடைசி ஆள் வாங்காவிட்டால் தோணிவரை எல்லாம் நின்றுபோகும் அல்லவா? எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் அந்தக் கடைசி ஆள் ஆக்சிஜன். வாங்கியதும் புரோட்டான்களோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. உள்ளே இழுத்த ஆக்சிஜன்தான் கரியமில வாயுவாக வெளியே வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வாயுவிலுள்ள ஆக்சிஜன் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு எதிரியும் கப்பைக்குள்ளேயே இருக்கிறது. பச்சைக் கிழங்கை நறுக்கினாலோ மென்றாலோ அதிலுள்ள சேர்மங்கள் சயனைடை வெளிவிடும். ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் கடைசிப் புரதத்தைச் சயனைடு பற்றிக்கொண்டால், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாது. கேரளத்து அடுக்களையில் கப்பை வெந்த நீரை வடித்துக் கொட்டுவது இதனால்தான். நீங்களும் தோலைச் சீவி, துண்டாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கை அடுப்பிலேயே ஏற்றாதீர்கள்.