கம்ப்யூட்டருடன் பேசும் பிலிம் கேமரா

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் டீடெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். படம் எடுத்த நாள், ஷட்டர் வேகம், லென்ஸ் அளவு என எல்லாம் வரிசையாக இருக்கும். இவற்றை எக்ஸிப் தகவல் என்கிறோம். பிலிம் கேமராவில் இந்த வசதி கிடையாது என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கக்கூடிய பிலிம் கேமரா ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதுதான் கேனன் இஓஎஸ்-1வி.

எஸ்.எல்.ஆர். என்றால் என்ன?

சிங்கிள் லென்ஸ் ரிப்ளெக்ஸ் என்பதன் சுருக்கம் இது. லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்வாக உள்ள கண்ணாடி மேலே திருப்பி விடுகிறது. அங்குள்ள பட்டகம் அதை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. எனவே எது பிலிமில் பதியுமோ அதையே நாம் பார்க்கிறோம். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திறக்கும், ஒளி பிலிமில் விழும்.

இந்த வேலையை 1வி மிக விரைவாகச் செய்யும். பவர் பூஸ்டரும் அதற்குரிய நிக்கல் பேட்டரியும் பொருத்தினால் நொடிக்கு 10 படங்கள். அதாவது 36 படம் கொண்ட பிலிம் சுருள் நான்கு நொடிக்குள் தீர்ந்துவிடும்! ஷட்டரின் அதிகபட்ச வேகம் நொடியில் 8000இல் ஒரு பங்கு. போகஸ் செய்ய 45 புள்ளிகள் உள்ளன.

நினைவில் 100 சுருள்கள்

ஒவ்வொரு படத்திற்கும் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், லென்ஸின் குவிய தூரம், தேதி, நேரம் ஆகியவற்றைக் கேமரா தன் மெமரியில் குறித்துக்கொள்கிறது. 36 படச் சுருள் என்றால் 100 சுருள்கள் வரை, அதாவது 3,600 படங்களின் விவரம் இதில் அடங்கும்.

சரி, எந்தக் குறிப்பு எந்தச் சுருளுக்கு உரியது என்று எப்படி அறிவது? பிலிமின் முனைப் பகுதியில் கேமரா ஓர் அடையாள எண்ணைப் பதித்துவிடும். கழுவிய நெகடிவில் அந்த எண் தெரியும். இஎஸ்-இ1 என்ற சாப்ட்வேரையும் அதன் கேபிளையும் தனியே வாங்கி இணைத்தால், அதே எண்ணின் கீழ் எல்லா விவரங்களும் கம்ப்யூட்டர் திரையில் வரும்.

இதில் ஒரு பாடம்

கேனன் விற்ற கடைசி பிலிம் எஸ்.எல்.ஆர். இதுதான். விற்பனை முடிந்ததாக 2018 மே மாதம் அறிவித்த அந்நிறுவனம், பழுது பார்க்கும் சேவை 2025 அக்டோபர் 31 வரை மட்டுமே என்றும் கூறியது. சாப்ட்வேரோ விண்டோஸ் 98 காலத்தைச் சேர்ந்தது. நெகடிவை இன்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். அதன் விவரங்களைப் படிக்கவோ அந்தக் கேபிளும், சிடியும், அவற்றை ஏற்கும் கம்ப்யூட்டரும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் தகவல் கேமராவுக்குள்ளேயே முடங்கிவிடும்.

எனவே இந்த மாடலை வைத்திருப்பவர்கள், இணைப்பு வேலை செய்யும்போதே விவரங்களை எடுத்துப் பிரிண்ட் செய்து நெகடிவ் உறையுடன் வைப்பது நல்லது. பழைய கேமராவாக வாங்க நினைப்பவர்கள் கேபிளும் சிடியும் சேர்ந்து வருகிறதா எனக் கேளுங்கள். இஎப் லென்ஸ்கள் இதில் பொருந்தும். இஎப்-எஸ் லென்ஸ்கள் பொருந்தாது.

வீட்டில் வேறு பிலிம் கேமரா இருக்கிறதா? ஸ்கேனர் படத்தில் பதிவு செய்வது ஸ்கேன் செய்த நாளைத்தான். ஜேபெக் பைலாகச் சேமித்து, முன்னர் பார்த்த அதே டீடெய்ல்ஸ் டேபில் டேட் டேக்கன் என்ற இடத்தில் கிளிக் செய்து, படம் எடுத்த சரியான தேதியைத் தாருங்கள். கமெண்ட்ஸ் கட்டத்தில் ஊரையும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் டைப் செய்து ஓகே கிளிக் செய்திடுங்கள். தாத்தாவின் படத்தில் அருகே நிற்பவர் யார் என்று சொல்ல, நாளை வீட்டில் ஆள் இல்லாமல் போகலாம்.