பழுது பார்த்தாகிவிட்டது, சரி பார்த்தது யார்?

பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வரும் வியாபாரச் சகோதரர்களின் தொகை இப்போது கூடிக்கொண்டு வருகிறது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கு வந்து போவது பெரிய ஜெட் விமானங்களல்ல. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் சுழலும் ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானம்தான். ஊர்காவற்றுறையில் கடை வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, புறப்பட முந்தி விமானி கீழே இறங்கி ஒரு சுற்று நடக்கிறாரே, அதில் என்னத்தைத்தான் பார்க்கிறார்?"

நல்ல கேள்வி. பதில் தெரிந்தால் விமானத்துக்கு மட்டுமல்ல, குறிகட்டுவானில் நம் சாமானை ஏற்றும் படகுக்கும் உதவும்.

டயர், எண்ணெய்க் கசிவு, மூடாத கதவு, கழற்றாமல் விட்ட சிவப்பு நாடா எல்லாம் அந்த நடையில் பார்க்கப்படும். ஆனால் நடப்பதற்கு முன்பே விமானி ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். அது விமானத்தோடேயே இருக்கும் பழுதுப் பதிவேடு. முந்திய பயணத்தில் என்ன கோளாறு எழுதப்பட்டது, அதற்குப் பொறியியலாளர் என்ன செய்தார், கையொப்பம் இருக்கிறதா, எந்தப் பழுது பிறகு பார்க்கலாமென்று தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. நேற்றிரவு எங்கே கை வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் இன்று காலை எங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

இதே ஏ.டி.ஆர். 72 ரகத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கணக்குப் பார்க்கிற நமக்கு இது நன்றாகப் புரியும்.

2005 ஓகஸ்ட் 6ஆம் திகதி டுனீசியாவின் டுனின்டர் விமானமொன்று இத்தாலியின் பாரி நகரத்திலிருந்து ஜெர்பா தீவுக்கு 39 பேருடன் புறப்பட்டது. நடுவழியில் ஒரு இயந்திரம் நின்றது. சற்று நேரத்தில் மற்றதும் நின்றது. சிசிலித் தீவின் பலெர்மோவை எட்ட முடியாமல் விமானம் கடலில் விழுந்து உடைந்தது. 16 பேர் இறந்தார்கள். காரணம் வேறொன்றுமில்லை, எரிபொருள் தீர்ந்துவிட்டது. ஆனால் விமானியின் முன்னால் இருந்த மானியோ இன்னும் தாராளமாக இருக்கிறதென்றே காட்டிக்கொண்டிருந்தது!

இது எப்படி நடந்தது? முதல் நாள் அந்த எரிபொருள் மானி பழுதென்று கழற்றி வேறொன்று பூட்டினார்கள். பூட்டியது ஏ.டி.ஆர். 42 என்ற சிறிய விமானத்துக்குரிய மானி. அளவும் வடிவமும் ஒன்றே, அதே துளையில் அப்படியே உட்காரும். முகப்பில் அச்சிட்ட எண்ணில்தான் வித்தியாசம். தாங்கியின் கணக்கு வேறாகையால் அது பொய் சொல்லத் தொடங்கியது. உண்மையில் தாங்கியில் இருந்தது 800 கிலோவுக்குக் கிட்ட. புதிய மானி காட்டியதோ 3,000 கிலோவுக்கு மேல்.

இனிமேல்தான் நாம் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய இடம். விமானிக்குச் சந்தேகம் வந்தது. பதிவேட்டில் முதல் நாள் மீதி ஒன்று, மானியில் நிற்பது இன்னொன்று. இடையில் எண்ணெய் அடித்திருக்க வேண்டும், அடித்திருந்தால் துண்டு இருக்க வேண்டும். துண்டைக் கேட்டார். துண்டு இல்லை. பிறகு கிடைக்கும் என்ற பதிலோடு விமானம் கிளம்பிவிட்டது. அடிக்காத எண்ணெய்க்குத் துண்டு எங்கிருந்து வரும்? கடையில் சரக்கு இருப்பு திடீரென்று நாலு மடங்கானால், கொள்முதல் பில்லைக் காணவில்லையென்றால், நம்மில் எவராவது "சரி, பிறகு பார்ப்போம்" என்று பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோமா?

ஏ.டி.ஆர். விமானத்தின் இறக்கைக்கு அடியில், மின்சார மானியை நம்பாமல் தாங்கியின் மட்டத்தை நேரில் பார்க்கும் அளவுகோல் உண்டு. அதைப் பார்க்கச் சில நிமிடம் போதும். 2009இல் பலெர்மோ நீதிமன்றம் விமானிகளுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த வேறு சிலருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. மானியை மாற்றியவர்களின் பிழை பெரிது என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பிழை உயிரைக் குடிக்குமுன் பிடிபடக்கூடிய கடைசி இடம் புறப்படுமுன் செய்யும் பரிசோதனைதான்.

நெடுந்தீவுக் கடலில் ஓடும் ஓட்டிமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். டீசல் தாங்கியில் குச்சியை விட்டு, நனைந்த அளவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே கயிற்றை அவிழ்க்கும் பழைய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மானி பொய் சொல்லலாம், நனைந்த குச்சி பொய் சொல்லாது.

எண்ணெயில் இருக்கும் இந்தக் கவனம் என்ஜின் வேலையில் எல்லோரிடமும் இல்லை என்பதுதான் என் கவலை. குமுதினி போன்ற பழைய படகுகள் பழுதுபார்க்கவென்று ஓட்டத்தை நிறுத்திய காலங்கள் பல. தனியார் படகுகளும் அப்படித்தான். வேலை முடிந்து வந்த அன்றைக்கே அரிசி மூட்டையும் சீமெந்தும் சனமும் ஏறிவிடும். "பாஸ் வடிவாகச் செய்து தந்தார்" என்பதே போதிய சான்றாகிவிடுகிறது.

ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரத்தில் 2001 மார்ச் 20ஆம் திகதி நடந்ததைக் கேளுங்கள். லுப்தான்சா நிறுவனத்தின் ஏ320 விமானமொன்றில் வயர் வேலை நடந்தபோது இரண்டு வயர்கள் இடம் மாறிவிட்டன. அதனால் தலைமை விமானியின் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் விமானம் வலப்பக்கம் சாயும்! புறப்படுமுன் கைப்பிடியை அசைத்துப் பார்த்தார்கள், இறக்கையின் தட்டுகளும் அசைந்தன. எந்தப் பக்கம் அசைகிறது என்பதை எவரும் கவனிக்கவில்லை. மேலே எழும்பும்போது இறக்கை கிட்டத்தட்ட நிலத்தைத் தொடப் போனது. துணை விமானி தன் பக்கத்துக் கைப்பிடியால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். அசைகிறதா என்று பார்ப்பது வேறு, சரியான பக்கம் அசைகிறதா என்று பார்ப்பது வேறு.

படகிலும் இதே கதை உண்டு. கியர் கேபிளைக் கழற்றிப் பூட்டும்போது மாறிவிட்டால், முன்னுக்குத் தள்ளும் பிடி படகைப் பின்னுக்கு இழுக்கும். இறங்குதுறையில் கயிறு கட்டியிருக்கும்போதே முன்னும் பின்னும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர்ப் பம்பில் வேலை செய்திருந்தால் புகைக்குழாய் வழியே கடல்நீர் வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளாவிட்டால் பாதிக் கடலில் என்ஜின் சூடேறி நின்றுவிடும். சுக்கானில் வேலையென்றால் பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

வேலைக்காக மூடியதைத் திறக்க மறப்பதும் உண்டு. 1996 ஒக்டோபர் 2ஆம் திகதி பெரு நாட்டின் லீமாவில் விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தம் அளக்கும் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை உரிக்காமல் விட்டுவிட்டார்கள். சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் அது படவில்லை. இரவில் உயரமும் வேகமும் தெரியாமல் விமானம் கடலில் விழுந்தது. 70 உயிர்கள் போயின.

நான் சாமான் ஏற்றுமுன் ஓட்டியிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, கடைசியாக எங்கே கை வைத்தது?" பதில் வந்ததும் அந்த இடத்தை மட்டும் எனக்குக் காட்டச் சொல்வேன். முதலில் முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள். "முதலாளி, நாங்கள் கடலிலேயே பிறந்தவர்கள்" என்று ஒருவர் சொன்னார். பிறந்தது கடலில்தான், ஆனால் பம்பு பூட்டியது கரையில் உள்ள ஆள் அல்லவா என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

இப்போது இரண்டு படகுக்காரர் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறார்கள். திகதி, என்ன வேலை, எந்தச் சாமான் மாற்றியது, அதன் இலக்கம், செய்தவர் பெயர், துறையில் ஓட்டிப் பார்த்தவர் பெயர். கடைசி இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. கொப்பி என் செலவு. லொறியும் ஜெனரேட்டரும் வைத்திருக்கும் சகோதரர்கள் தங்கள் சாரதியிடமும் இப்படி ஒன்றைக் கொடுக்கலாம். பிரேக் வேலை முடிந்து வந்த லொறியை, பண்ணைப் பாலத்தில் ஏற்றுமுன் வெறும் லொறியாக ஒருமுறை நிறுத்திப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.