ஒரு மாடி உயரத்தில் வாசல்... பிட்ஸ்பர்க் கோர்ட்டுக்கு என்ன ஆச்சு?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கிரான்ட் தெருவில் நின்று அலெகெனி கவுன்ட்டி நீதிமன்றத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். கட்டடத்தின் பிரமாண்ட வாசல் தெருமட்டத்தில் இல்லை. ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. வழக்குக்கு வருகிறவர்கள் அதற்குக் கீழே உள்ள கதவு வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். ஏன் இப்படி?

யார் கட்டியது?

கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. அலெகெனியின் பழைய நீதிமன்றம் 1882-ல் தீக்கிரையானது. புதியதை வடிவமைத்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். கனத்த கிரானைட் சுவர், அரைவட்ட வளைவு, உயர்ந்த கோபுரம்... இதுதான் அவர் பாணி.

அப்போது பிட்ஸ்பர்க் என்றாலே ஆலைப் புகைதான். அதனால் முன்கோபுரத்தை வெறும் அழகுக்காக அவர் வைக்கவில்லை. புகைக்கு மேலே இருந்து நல்ல காற்றை உள்ளே கொண்டுவரும் வழியும் அதுதான். 1886-ல் ரிச்சர்ட்சன் இறந்துவிட்டார். 1888-ல்தான் வேலை முடிந்தது.

தெரு இறங்கியது எப்படி?

நீதிமன்றம் நின்றது ஒரு மேட்டில். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நகர நிர்வாகம் மேட்டை வெட்டிக் குறைத்தது. 1913-ல் வேலை முடிந்தபோது தெரு கீழே போய்விட்டது; வாசல் மேலேயே நின்றுவிட்டது. படிக்கட்டு கட்டிப் பார்த்தார்கள். சாலையை அகலப்படுத்தியபோது அதுவும் போச்சு. அடித்தளமாக இருந்ததே இப்போ தரைத்தளம். கம்பீரமான கூடத்துக்குள் காலடி வைக்க வேண்டியவர்கள், தாழ்வான நடைவழியில் நுழைகிறார்கள்.

சிறை என்ன ஆனது?

பக்கத்திலேயே ரிச்சர்ட்சன் வடிவமைத்த சிறை. தெருவுக்கு மேலே போகும் மூடிய கல் பாலம் இரண்டையும் இணைக்கிறது. வெனிஸில் உள்ளதைப் போலவே இதற்கும் ‘பெருமூச்சுப் பாலம்’ என்றே பெயர். கைதிகளைத் தெருவில் இறக்காமல் கோர்ட்டுக்குக் கொண்டுபோக அமைத்த வழி அது.

1995-ல் சிறை மூடப்பட்டது. இடித்துத் தள்ளவில்லை. வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றினார்கள். 2000-ல் அது குடும்ப நீதிமன்றமானது. சிறையறைகளில் ஒரு பகுதியை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்தார்கள்.

கட்டடத்தைக் கேட்காமல் தெருவை வெட்டியதால் ஒரு வாசலே வீணாச்சு. கட்டடத்துக்கு ஏற்றபடி யோசித்ததால் ஒரு சிறை பிழைத்தது. பழைய கட்டடங்களை என்ன செய்வது என்று யோசிக்கும் எந்த ஊருக்கும் இரண்டுமே பாடம்தான்.